காற்றில் ஆடிய நூல்

நான் கால்நடை மருத்துவர். கொடைக்கானல் மலையில் ஒரு பூண்டுத் தோட்டத்தில், கழுத்தில் கம்பி இறுகிய காட்டுமாடு நின்றது. மயக்க ஊசித் துப்பாக்கியில் குறி பார்க்கும் ஸ்கோப் ஜீப் குலுக்கலில் கழன்றிருந்தது. அதைச் சாய்வாகப் பொருத்தினால் ஊசி விலகிக் கண்ணில்கூடப் படலாம். நூலில் கல் கட்டித் தொங்கவிட்டு, ஸ்கோப்பின் நெடுக்குக் கோட்டை அதோடு பொருத்தப் பார்த்தேன். காற்றில் நூல் நிற்கவேயில்லை.

தோட்டக்கார அம்மா கம்பளியை விரித்துக் காற்றை மறைத்தார். "வெரசா பாருங்க டாக்டர். பாவம், துடிக்குது."

நூல் நின்றது. திருகுகளை முடுக்கி, தள்ளிப்போய்ச் சுட்டுச் சரிபார்த்தேன். பிறகு மாட்டைக் குறிவைத்தேன்; ஊசி அதன் தொடையில் இறங்கியது. அது மயங்கிச் சாய்ந்ததும், நானும் உடன் வந்த வனக்காவலரும் கம்பியை வெட்டினோம். மாடு எழுந்து காட்டுக்குள் போனபிறகுதான் வனக்காவலர் மெல்லச் சொன்னார்: "போன வருசம் இந்த அம்மாவோட வீட்டுக்காரரக் காட்டுமாடு குத்திக் கொன்னுருச்சுங்க."

திரும்பிப் பார்த்தேன். "பொழச்சுக்கிரும்ல டாக்டர்?" என்று மட்டும் கேட்டார் அந்த அம்மா.

தலையசைத்தேன். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அப்படிக் கம்பளி பிடித்து நின்றிருப்பேனா?