வராத பஸ்ஸுக்கு ஒரு ஸ்டாப்

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து சாப்பிட உட்காருவதற்குள் போன் அடித்துவிடும். சிங்கப்பூரிலிருந்து மகள், ஜெர்மனியிலிருந்து மகன். அவனுக்கு அப்போதுதான் விடிந்திருக்கும், கண்ணைக் கசக்கிக்கொண்டு திரையில் வருவான். என் பின்னால் என் கணவர் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே நடந்துகொண்டிருப்பார். எந்த நாட்டில் முதியோர் இல்லம் எப்படி என்று பிள்ளைகள் இரண்டு பேரும் அவர் காதுபடவே பேசுவார்கள். கல்யாணத்துக்கு மண்டபம் பார்ப்பதுபோல இருக்கும் எனக்கு.

அவருக்கு மறதி நோய். முதலில் பெயர்கள் போயின. பிறகு கன்னடம் போனது, ஆங்கிலம் போனது. கடைசியில் வீடும் போனது. பெங்களூர் காக்ஸ் டவுனில் நாங்கள் பிள்ளை பெற்று வளர்த்த அதே வீட்டில் உட்கார்ந்துகொண்டு, சாயங்காலமானால் வீட்டுக்குப் போகலாம் என்பார். எந்த வீடு என்று கேட்டால் கோபம் வரும். எனக்கோ முட்டி தேய்ந்துவிட்டது, டாக்டர் ஆபரேஷன் என்கிறார். அவரை எங்கே விடுவது என்பதுதான் கேள்வி. மற்றதெல்லாம் சுற்றி வளைத்துப் பேசுவது.

வெளிநாட்டு இல்லங்களை நான் போட்டோவில் பார்த்துவிட்டுப் பேசவில்லை. சிங்கப்பூரில் மகளின் மாமியாரை வைத்திருந்த இடத்துக்கு நானே போயிருக்கிறேன். சுத்தமென்றால் அப்படி ஒரு சுத்தம். தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம். ஆனால் கீழே இறங்க லிஃப்டுக்கு ஒரு கார்டு வேண்டும், அது அங்கே வேலை செய்கிறவர்களிடம்தான் இருக்கும். சம்பந்தியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு என் சுகத்தை விசாரிக்கவில்லை, பேரப் பிள்ளையைக் கேட்கவில்லை. கார்டு இருக்கிறதா என்று மட்டும் மெதுவாகக் கேட்டார்.

ஜெர்மனியில் பார்த்தது இன்னொரு விதம். மகனின் பக்கத்து வீட்டுக்காரருடைய அம்மா அங்கே இருந்தார். தோட்டம், ஜன்னலெல்லாம் பூ, சாயங்காலம் கேக். தோட்டத்து நடுவில் ஒரு பஸ் ஸ்டாப். கம்பம், பலகை, பெஞ்சு, பஸ் வரும் நேரம் எழுதிய அட்டை, எல்லாம் நிஜம். பஸ் மட்டும் வராது. வீட்டுக்குப் போகணும் என்று அடம்பிடிப்பவர்களை அங்கே உட்காரவைத்தால், கொஞ்ச நேரத்தில் எதற்கு வந்தோம் என்பதே மறந்துவிடுமாம். பிறகு காபி குடிக்கலாம் என்று உள்ளே அழைத்துப் போவார்களாம். என்ன ஒரு மூளை பார்த்தியாம்மா என்றான் மகன். அந்த அம்மாள் கோட்டு மாட்டி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, எதிரே இருந்த புல்தரையை ரோடு என்று நம்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்திபெலே பக்கம் ஒரு புது இல்லத்தைக் கண்டுபிடித்தவள் மகள். வெளிநாட்டு முறையில் நடத்துகிறார்கள், சும்மா போய்ப் பாரும்மா என்றாள். அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். மானேஜர் ஒரு கன்னடத்து அம்மா, நல்ல சிரித்த முகம். அறைகளைக் காட்டிக்கொண்டே வந்தார். கட்டில், ஃபேன், சுவரில் கைப்பிடி, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இத்தனை கிழடு கட்டைகள் இருக்கிற இடத்தில் ஒரு இருமல் சத்தம்கூடக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் இரண்டே பேர், அதற்கே பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துவார். இங்கே எல்லோரும் மத்தியானம் தூங்குவார்கள் என்றார் அந்த அம்மா. அப்போது மணி பதினொன்றுகூட ஆகவில்லை.

பின்பக்கம் போனால் ஒரு பஸ் ஸ்டாப் நிற்கிறது. சிவாஜிநகர் என்று பலகை, மேலே தகரக் கூரை, நீளமாக ஒரு பெஞ்சு. அதன் கோடியில் இரண்டு பாட்டிகள் மடியில் சால்வை போட்டு அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். என் கணவர் முகம் மலர்ந்துவிட்டது. போய் உட்கார்ந்து, சில்லறைக்காக ஜேபியைத் தடவினார். பார்த்தீங்களா, எவ்வளவு நிம்மதி என்றார் மானேஜர். ஒரு நிமிஷம் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இங்கேயே விட்டுவிட்டு முட்டியைச் சரிசெய்துகொள்ளலாம் என்றுகூட நினைத்தேன்.

ஆனால் அவர் இந்த ஊர்க்காரர். ஜெர்மனியில் பஸ் சொன்ன நேரத்துக்கு வந்து பழக்கிவிட்டது, அதனால் வராத பஸ்ஸுக்கும் நம்பிக் காத்திருக்கிறார்கள். பெங்களூரில் பஸ்ஸை நம்பி உட்கார்ந்தவர் யார்? கொஞ்ச நேரம் எட்டிப் பார்ப்போம், வராவிட்டால் அடுத்த ஸ்டாப்புக்கு நடையைக் கட்டுவோம். அங்கே வேறு ரூட் பஸ்ஸாவது கிடைக்கும். உத்தியோக காலம் முழுக்க அவர் அப்படித்தான் ஆபீஸ் போனார். எழுந்து பேண்ட்டைத் தட்டிவிட்டார்.

"இங்க நின்னா வேலைக்காகாது. வா, அடுத்த ஸ்டாப்புக்கு நடந்துடலாம்," என்று காம்பவுண்டு சுவரைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

மானேஜருக்கு ஆச்சரியமே இல்லை. இங்கே எல்லோரும் இப்படித்தான், மேடம், யாரும் உட்காருவதில்லை, ஆரம்பத்தில் எங்களுக்கு ஏனென்றே புரியவில்லை என்றார். பிறகு ஒரு வழி செய்தோம் என்று, பெரிய யோசனையைச் சொல்வதுபோல, அந்தப் பாட்டிகளில் ஒருவருடைய சால்வையை லேசாகத் தூக்கிக் காட்டினார். இடுப்பைச் சுற்றிப் பெஞ்சோடு ஒரு பெல்ட். மெத்தென்ற துணிதான், வலிக்காது, விழாமல் இருக்கத்தான் என்றார். பாட்டியின் உடம்பு அசையவில்லை. கண் மட்டும் என் பக்கம் திரும்பி, நாங்கள் கேட்டைத் தாண்டும்வரை என்னைவிட்டு நகரவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளிடம் முடியாது என்றேன். பாதுகாப்புக்காகத்தானேம்மா என்றான் மகன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும், உன்னை ஒரு நாள் பெஞ்சோடு கட்டிப்போட்டால் தெரியும் என்று கத்தினேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு சாயங்காலங்களில் அவரை நடக்கவிட்டேன். அவர் ஸ்டாப் ஸ்டாப்பாக முன்னால் போவார், நான் நொண்டிக்கொண்டு பின்னால் போவேன். களைத்து நின்றதும் கையைப் பிடித்துத் திருப்பிக்கொண்டு வருவேன். ஒரு நாள் சர்ச் தாண்டியதும் என் முட்டி மடங்கிவிட்டது. நடைபாதையில் உட்கார்ந்தபடியே கூப்பிட்டேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வெள்ளைச் சட்டை தெரிந்தது, வண்டிகள் மறைத்தன, பிறகு சட்டை தெரியவில்லை. இருட்டிய பிறகு எங்கள் சர்ச் சபைக்காரர் ஒருவர் அவரை வீட்டுக்கு ஸ்கூட்டரில் கொண்டுவந்துவிட்டார். லிங்கராஜபுரத்தில் ரயில் தண்டவாளத்தின் ஓரமாக நடந்துகொண்டிருந்தாராம். காலில் செருப்பில்லை, பாதமெல்லாம் ரத்தம். என்னைக் காட்டி, இது யாரென்று அந்தச் சபைக்காரரிடம் கேட்டார்.

மறுநாள் கேட்டுக்குப் பூட்டு வாங்கினேன். சாவி என் கழுத்துச் செயினில், சிலுவையோடு தொங்குகிறது. பிள்ளைகளிடம் சொன்னபோது இரண்டு பேருக்கும் நிம்மதி. இதைத்தானேம்மா நாங்களும் சொன்னோம் என்றாள் மகள். முட்டி ஆபரேஷனுக்கும் இன்னும் நாள் குறிக்கவில்லை. நானும் வெளியே போவது குறைந்துவிட்டது, பால்கூட கேட்டுக் கம்பி வழியாகத்தான் வருகிறது.

இப்போதெல்லாம் அவர் சாயங்காலம் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நேற்று டீ எடுத்துக்கொண்டு போனபோது பூக்காரம்மா வெளியே கூடையோடு நின்றிருந்தாள். அவர் கம்பியில் முகத்தை ஒட்டி, வீட்டுக்குள் கேட்டுவிடக் கூடாதென்று குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார்.

"யாரோ பூட்டிட்டுப் போய்ட்டாங்கம்மா. உள்ள ஒரு அம்மா இருக்காங்க, கால் முடியாதவங்க, பாவம். எனக்குப் பரவால்ல. யார்கிட்டயாவது சொல்லி, முதல்ல அவங்கள வெளிய கொண்டு போங்க."