தெளிவாக விழுந்த படம்

பிள்ளைகளே, ஓய்வுநாள் பள்ளியில் உங்களோடு முன் பெஞ்சில் இருக்கிற ரூத் ஏன் வலது காலை இழுத்து நடக்கிறாள் என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். நான் அவளுடைய அப்பா. பாறசாலையில் நேந்திரங்காய் வறுத்து விற்கிறவன். எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் கர்த்தர் அவளை எங்கள் கையில் உயிரோடு தந்ததைச் சொல்லாமல் இருந்தால் அது எனக்குப் பாவம்.

ரூத் பிறந்த வருஷம், ஓணம் நெருங்கிய சமயம். கடையில் எண்ணெய்ச் சட்டி அடுப்பை விட்டு இறங்காத நாட்கள். என் மனைவி பிரீதாவுக்கு எட்டாம் மாதம். ஸ்கேன் எடுக்கப் போனால் பிள்ளையின் முகத்தையும் படமாக எடுத்துத் தருவார்கள் என்று எங்களுக்குத் தெரியும். மூத்தவள் அனிலா வயிற்றில் இருந்தபோது எடுத்த படம் கலங்கிப் போயிருந்தது. ஒரு கன்னம் இரண்டாகத் தெரியும். எங்கள் சபைப் பெண்கள் சங்கத்து வசந்தி அக்கா அதைப் பார்த்துவிட்டு, "எலே மக்கா, இது பிள்ளையா, கரண்டியில ஒட்டின மாவா?" என்று சிரித்தார்.

எங்கள் சபையில் எந்தக் காரியத்துக்கும் ஜெபக்குறிப்பு கொடுப்போம். பரீட்சைக்கும் கொடுப்போம், பசு கன்று போடுவதற்கும் கொடுப்போம். இந்த முறை படத்துக்காகக் கொடுத்தோம். வீட்டுக் கூட்டத்தில் வசந்தி அக்காவே ஜெபித்தார். "ஆண்டவரே, பிள்ள அனங்காம கெடக்கணும். அதுக்க மொகத்த நாங்க தெளிவா காணணும்." பிள்ளை அசையாமல் கிடக்க வேண்டும் என்ற அந்த ஜெபத்துக்கு எல்லாரும் ஆமென் சொன்னோம்.

படம் தெளிவாக விழுந்தது. மூடின கண், மூக்கு, உதட்டின் ஓரம்கூடத் தெரிந்தது. இதயத் துடிப்பு உண்டு, பிள்ளை தூங்குகிறது போல, அசைவு குறைந்தால் உடனே வாருங்கள் என்று ஸ்கேன் எடுத்தவர் சொல்லி அனுப்பினார். ஞாயிறு ஆராதனையில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டோம். படம் பெஞ்சு பெஞ்சாகக் கைமாறிப் போனது.

செவ்வாய்க்கிழமை காலையில் காய் சீவிக்கொண்டிருந்தேன். பிரீதா பக்கத்தில் வந்து நின்றாள்.

"இஞ்ச பாருங்க, பிள்ளைக்கு அனக்கம் கொறவா இருக்கு."

"உறங்குதாயிருக்கும் மக்கா. படத்துல கண்டல்லா, எம்புட்டு சுகமா கெடக்குன்னு."

"ஞாயித்துக்கெழமையும் உறக்கம், நேத்தும் உறக்கம். இன்னைக்கும் உறக்கமா?"

அடுப்பை அணைத்தேன்.

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் முதலில் அந்தப் படத்தைத்தான் நீட்டினேன். அவர் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இது அன்னைக்கு எடுத்து வச்ச படம். எனக்கு இப்ப நடக்குறத காணணும்" என்றார்.

பிறகு எனக்கு விளங்கும்படி சொன்னார். அதை என் தொழிலில் வைத்து உங்களுக்குச் சொல்கிறேன். வயிற்றின் மேல் வைக்கிற கருவி, நம் காதுக்குக் கேட்காத சத்தத்தை உள்ளே அனுப்புகிறது. அது மோதித் திரும்பி வருவதை வைத்துத் திரையில் படம் வருகிறது. நேந்திரங்காயைச் சீவினால் ஒரு வட்டம் கிடைக்கும், அதில் உள்ளே இருப்பது தெரியும். அப்படி விடாமல் ஒவ்வொரு வட்டமாகக் காட்டுவதுதான் அந்தக் கறுப்பு வெள்ளைப் படம். இதயம் அடிப்பதை அடிக்கிறபோதே அதில் காணலாம். முகப் படம் வேறு. ஓரத்திலிருந்து ஓரம் வரை வரிசையாகச் சீவின வட்டங்களை மறுபடி அடுக்கி முழுக் காயாக்குகிற வேலை அது. சீவி முடிவதற்குள் காய் உருண்டால் அடுக்கு கோணலாகும். அனிலாவின் கன்னம் இரண்டானது, அவள் துள்ளிக்கொண்டிருந்ததால். இவள் தெளிவாக விழுந்தது, அசையாததால். தூங்குகிற நல்ல பிள்ளைகளும் தெளிவாகத்தான் விழும் என்றும் டாக்டரம்மா சொன்னார். ஆனால் தூக்கத்துக்கும் ஒரு அளவு உண்டு.

திரையில் இதயம் அடித்தது. தொப்புள் கொடியில் ரத்த ஓட்டம் குறைந்திருந்தது. கையும் காலும் கிடந்த இடத்திலேயே கிடந்தன. கொஞ்ச நேரம் விடாமல் பார்க்க வேண்டும் என்றார் டாக்டரம்மா.

நான் வெளியே வந்து வசந்தி அக்காவுக்கு போன் செய்தேன்.

"அக்கா, ஜெபத்த மாத்தணும்."

"என்னவாக்கும் மக்கா?"

"பிள்ள அனங்கணும்."

அக்கா, "அனங்காம கெடக்கணும்னு நானாக்கும் கேட்டேன்" என்றார்.

"ஆமென் சொன்னது நாங்களாக்கும் அக்கா. இப்பம் ஜெபிங்க."

உள்ளே போய் பிரீதாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு வசனம் ஒன்றும் வாயில் வரவில்லை. ஆண்டவரே, ஒரு அனக்கம், ஒரு அனக்கம் என்று மட்டும் சொன்னேன். திரை சாம்பல் நிறமாகவே இருந்தது. பிரீதா அதைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்தாள். நான் எப்படி முகத்தை வைத்துக்கொண்டேனோ தெரியாது.

அப்போது மூடிக்கிடந்த ஒரு கை விரிந்தது. மறுபடி மடங்கியது.

"கண்டீங்களா? தெம்பு இன்னும் உண்டு. இனி காத்திருக்கப்பிடாது" என்று டாக்டரம்மா எழுந்தார். உடனே ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள்.

ரூத் பிறந்தபோது அழவில்லை. அழவைத்தார்கள். ஓணம் போனது, எங்களுக்குத் தெரியாது. படத்தில் அவ்வளவு தெளிவாகக் கண்ட முகத்தை நேரில் காண முடியவில்லை. குழாயும் பிளாஸ்திரியும் மூடியிருந்தன. கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று துதிக்கவும் பயந்தேன். நாங்கள் கேட்டதால்தான் இவள் அசையாமல் போனாளோ என்ற கேள்வி என்னைத் தின்றது. நாங்கள் ஜெபிக்கும் முன்பே கொடியில் குறை தொடங்கியிருக்கும் என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கர்த்தர் நம் அறியாமையைப் பிடித்து நம்மைத் தண்டிக்கிறவர் அல்ல, பிள்ளைகளே.

வயிற்றில் ரத்த ஓட்டம் குறைந்தது மூளையைப் பாதித்ததால் அவளுடைய வலது கால் இன்னும் சரியாகவில்லை. அதற்கும் ஜெபிக்கிறோம், சிகிச்சைக்கும் போகிறோம். கேட்டதெல்லாம் கிடைத்தது என்று நான் சொல்லமாட்டேன். அன்றைக்குக் கேட்ட ஒன்று கிடைத்தது. இப்போது எங்கள் வீட்டுக் கூட்டத்தில் எதைக் கேட்டாலும் முடிவில், "ஆண்டவரே, எங்களுக்குத் தெரியாததையும் பாத்துக்கொள்ளும்" என்று வசந்தி அக்கா சேர்த்துக்கொள்கிறார்.

நீங்களும் ஆண்டவரிடம் கேளுங்கள். உடம்பில் ஏதாவது வித்தியாசம் தோன்றினால் அம்மாவிடமும் அப்பாவிடமும் சொல்லுங்கள். எங்கள் ஜெபத்துக்குப் பதில் வரும் வழியில், பிரீதா வாய் திறந்து சொன்னதும் இருந்தது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கண்மூடி ஜெபிக்கும்போது, தரையில் ஒரு கால் இழுபடுகிற சத்தம் கேட்கும். அடங்கி இருக்க அவளுக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்து அவளை அதட்டாதீர்கள். நாங்கள் கேட்டு வாங்கின அனக்கமாக்கும் அது.