ஷோக்கேஸுக்குள் ஷைலா

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு லில்லிப் பூப் படம் வந்தது. அதற்கு அடியில் வில்சன் எழுதியிருந்தான்: "அமைதியும் பொறுமையும் நிறைந்த எங்கள் அருமைச் சகோதரி ஷைலா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்." வாயில் நுரையோடு நான் முதலில் கோபப்பட்டேன். அழுகை பிறகுதான் வந்தது. ஷைலா என் சித்தி மகள், வில்சனுக்கு அக்கா, என்னைவிட மூன்று மாதம் மூத்தவள். ஏறக்குறைய ஐம்பது வருடம் அவளைப் பார்த்திருக்கிறேன். அவள் அமைதியாக இருந்த ஒரு நாளை யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

அடக்க ஆராதனையிலும் அதே பாட்டுதான். சாந்தமுள்ளவள், பொறுமையுள்ளவள், அதிர்ந்து பேசாதவள் என்று ஆள் மாற்றி ஆள் பேசினார்கள். முன்வரிசையில் தலையாட்டியவர்களில் பாதிப்பேர் அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். செத்துப்போனவள் எழுந்து பதில் சொல்ல மாட்டாள் என்ற தைரியம். வேறு யாரையோ அடக்கம் செய்துவிட்டு வந்த மாதிரி இருந்தது எனக்கு. அதனால்தான் அவளை அறிந்த உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

இராஜாக்கமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் இரண்டு வீடுகளும் ஒரே மதிலைப் பங்குபோட்டுக்கொண்டவை. சித்தப்பா பஹ்ரைனில் இருந்தார். எங்களுக்கு எட்டு வயது நடந்தபோது லீவில் வந்தவர் ஒரு பெட்டி கொண்டுவந்தார். உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாகக் கவ்விப் பிடிக்கும் பிளாஸ்டிக் கட்டைகள். சிவப்பு, மஞ்சள், நீலம். திறந்து மூடக்கூடிய ஒரு வெள்ளைக் கதவும் உண்டு. ஒரு நாள் முழுக்க நாங்கள் அதைத் தொட்டோம். சித்தப்பா விமானம் ஏறிய மறுநாளே சித்தி அந்தப் பெட்டியை ஹாலில் இருந்த ஷோக்கேஸுக்குள் வைத்துப் பூட்டினாள். பீங்கான் பொம்மைகளுக்கும் காலி சென்ட் பாட்டில்களுக்கும் நடுவில் அது உட்கார்ந்தது. விருந்தாளிகள் வந்தால் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பார்கள். "கொள்ளாமே, வெளிநாட்டுச் சாமானம்லா" என்பார்கள். கல்ஃப் பணம் வந்த எங்கள் ஊர் வீடுகளில் எல்லாம் இதே கதைதான். பிள்ளைக்கு வாங்கிய பொருளைப் பிள்ளை தொட்டால் கெட்டுப்போகும் என்று கண்டுபிடித்த மகாபுத்திசாலிகள் நாங்கள்.

ஷைலா ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்று கத்தினாள். சோறு வேண்டாம் என்றாள். பலிக்கவில்லை. பிறகு தையல் மிஷின் டிராயரில் சாவி இருப்பதைக் கண்டுபிடித்தாள். சனிக்கிழமை மதியம் சித்தி பெண்கள் சங்கக் கூட்டத்துக்குப் போவாள். வர ஒன்றரை மணி நேரம் ஆகும். மதிலுக்கு மேலே ஷைலாவின் தலை தெரியும். "ஏலே, வாறியா? அம்மை போயாச்சு."

விளையாட்டுக்குச் சட்டம் போட்டது அவள்தான். ஒரு கட்டை வைத்தால் கதையில் ஒரு வரி சொல்ல வேண்டும். சொல்லாமல் வைத்த கட்டையைப் பிடுங்கிவிடுவாள். நான் வீடு ஒழுங்காக வரவேண்டும் என்று பார்ப்பேன். அவளுக்கு அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் கவலை. மண்டைக்காட்டுக் கொடைத் திருவிழாவில் தொலைந்துபோன கிழவி, கப்பலில் இருந்து குதித்து ஓடிவந்த சமையல்காரன், சாமியாருக்குக் கடன்பட்ட ஒரு குரங்கு என்று யார்யாரோ குடிவருவார்கள். எல்லாரும் அந்த வெள்ளைக் கதவு வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். சித்தி வருவதற்குள் எல்லாவற்றையும் பிரித்து, பெட்டிப் படத்தில் உள்ளபடியே அடுக்கிவைத்தாக வேண்டும். எனவே எங்கள் கதைகளுக்கெல்லாம் ஒரே முடிவுதான். மணியைப் பார்த்துவிட்டு ஷைலா எழுந்து நிற்பாள். "கடலு வருது, ஓடுங்கலே!" என்று கூவிக்கொண்டே இரண்டு கையாலும் வீட்டை வாரி அடித்துவிடுவாள். எனக்கு அழுகை வரும். "என்னத்துக்குலே மூக்க உறிஞ்சுக? அடுத்த சனிக்கிழமை வேற ஆளு வரும்" என்பாள்.

இனி எழுதப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு சனிக்கிழமை அந்த வெள்ளைக் கதவை நான் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை. மறுநாள் ஞாயிறு, போதகரின் மனைவி வீட்டுக்கு வந்தபோது சித்தி பெருமையாகப் பெட்டியை இறக்கித் திறந்தாள். படத்தில் கதவு இருந்தது, பெட்டியில் இல்லை. விருந்தாளி போகும்வரை சித்தி சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு பூவரசங்கம்பை ஒடித்தாள்.

"கதவு எங்கட்டி?"

ஷைலா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"கடலு கொண்டு போச்சு" என்றாள்.

தொலைத்ததற்கு ஒரு அடி, பொய்க்கு நாலு அடி. அவள் அழவில்லை. சித்தியைத் திட்டினாள், ஷோக்கேஸைத் திட்டினாள், பெட்டி கொண்டுவந்த அப்பாவையும் விடவில்லை. நான் மதில் ஏறி ஓடிவந்து எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டேன். மறுநாளே ஷோக்கேஸுக்குப் புதுப் பூட்டு வந்தது. சாவி சித்தியின் கழுத்துச் சங்கிலியில் ஏறியது. எங்கள் சனிக்கிழமைகளை முடித்துவைத்தது சித்தி அல்ல, நான். பேடிப் பயல்.

பின்னாளில் அவள் அங்கன்வாடி டீச்சர் ஆனாள். அங்கும் ஒரு பெட்டிக் கட்டைகள் வந்தன. ஆய்வுக்கு ஆள் வரும்போது மட்டும் எடுத்தால் போதும் என்று மேலே இருந்து சொன்னார்களாம். ஷைலா அன்றைக்கே பெட்டியைத் தரையில் கவிழ்த்துவிட்டாள். ஆய்வு நாளன்று ஏதோ வேலையாக நானும் அங்கே போயிருந்தேன். மூன்று கட்டை குறைகிறதே என்று அதிகாரி அம்மா கேட்டார்.

"பிள்ளேளுக்க வீட்டுக்குப் போயிருக்கு மேடம். கதை சொல்லி முடிச்சிட்டுத் திங்கக்கிழமை வரும்."

"விளையாடுறீங்களா?"

"பின்ன? அதுக்குத்தானே வாங்கினது?"

மெமோ வந்தது. அதை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்கு முட்டுக்கொடுத்தாள். இவளைத்தான் சாந்தமுள்ளவள் என்கிறார்கள்.

எனக்கு அவள்மேலும் கோபம். மார்பில் கட்டி இருப்பதை அவள் கண்டுபிடித்து எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. மகளுக்குப் பரீட்சை கழியட்டு, கிறிஸ்மஸ் கழியட்டு, ஆய்வு கழியட்டு. ஊரார் வீட்டுப் பூட்டையெல்லாம் உடைக்க வாய் இருந்தவள் தன் உடம்பை மட்டும் பிறகு பார்க்கலாம் என்று எடுத்து வைத்துவிட்டாள். சித்தி பெற்ற பிள்ளைதானே. அந்த எட்டு மாதத்தைத்தான் இப்போது பொறுமை என்று மேடை போட்டுப் புகழ்கிறார்கள். அது பொறுமை இல்லை, முட்டாள்தனம். அவள் முகத்துக்கு நேராகவே இதைச் சொன்னேன். "சொல்லுலே, சொல்லு. நீயாவது சண்ட போடு. வாறவனெல்லாம் ஜெபம் பண்ணிட்டுப் போறான்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்த அன்று திடீரென்று கேட்டாள்.

"அந்தக் கதவ என்னலே செஞ்ச?"

நாற்பது வருடத்துக்கு மேலாகத் தெரிந்தே வைத்திருக்கிறாள்.

"இருக்கு. மேஜை டிராயர்ல பத்திரமா வெச்சிருக்கேன்."

"பத்திரமா!" இருமிக்கொண்டே சிரித்தாள். பிறகு அவள் முகம் மாறியது. "அப்போ எனக்க அம்மைக்க ஷோக்கேஸுல ஒரு தட்டு ஒனக்க வீட்டுலதான் கெடக்கு. வெக்கமில்லியாலே? நான் அடிவாங்கினது நீ பூட்டி வெக்கவா?"

என்னிடம் அவள் பேசிய கடைசிச் சொற்கள் இவை.

நினைவு ஜெபத்துக்குப் போனபோது சித்தி வீட்டு ஹாலில் அதே ஷோக்கேஸ் நின்றது. உள்ளே, சென்ட் பாட்டில்களுக்கு நடுவில், மாலை போட்ட ஷைலா. கண்ணாடியைப் பூட்டியிருந்தார்கள். "தூசி படாது பாத்தியா" என்றான் வில்சன். சித்தி சோபாவில் உட்கார்ந்து அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஜெபம் முடியும்வரைகூட நிற்காமல் வீட்டுக்கு வந்து டிராயரைத் திறந்தேன்.

மறுநாள் காலை அங்கன்வாடிக்குப் போனேன். கட்டைப் பெட்டி அலமாரிக்கு மேலே, கயிறு போட்டுக் கட்டிக் கிடந்தது. ஆயா ஓடிவந்தாள். "எடுக்காதீங்க சார், கலஞ்சு போவும். டீச்சருக்க நினைவா அப்படியே வெச்சிருக்கோம்." நான் என்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. ஸ்டூல் போட்டு ஏறிப் பெட்டியை இறக்கிக் கயிற்றை அறுத்துத் தரையில் கவிழ்த்தேன். அந்தக் குவியலில் வெள்ளைக் கதவையும் போட்டேன்.

இரட்டைச் சடை போட்ட ஒரு சின்னப் பெண் முதலில் வந்து உட்கார்ந்தாள். பழைய கதவு புதுக் கட்டைகளில் பொருந்தவில்லை. அவள் அதைப் படுக்கப்போட்டுச் சுற்றிச் சுவர் எழுப்பினாள். "அது கதவு மக்கா" என்றேன். "இல்ல, கட்டிலு" என்றாள். ஒரு கட்டை வைத்தாள், ஒரு வரி சொன்னாள். "இதுல ஒரு ஆனை உறங்குது." இன்னொரு கட்டை. "அதுக்குக் காய்ச்சலு." மற்றப் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். வரி சொல்லாமல் ஒருத்தி வைத்த கட்டையை இவள் பிடுங்கி எறிந்தாள். வீடு அவள் இடுப்பு உயரம் வந்ததும் எழுந்து நின்றாள்.

"மாமா, தள்ளி நில்லுங்க. கடலு வருது!"

இரண்டு கையாலும் வாரி அடித்தாள். கட்டைகள் அறை முழுக்கச் சிதறின. வெள்ளைக் கதவு சறுக்கிக்கொண்டு போய் அலமாரிக்கு அடியில் எங்கோ மறைந்தது. நான் குனிந்து தேடவில்லை. ஷைலாவின் பொருள் என்று இனி என்னிடம் எதுவும் இல்லை. அவள் கோபம் மட்டும் இருக்கிறது. அதை நான் பத்திரமாக வைத்திருக்கப் போவதில்லை.