கேத்தியில் மூடப்பட்ட குறுக்குப் பாதை

எங்கள் மலையூர் கேத்தியில் இன்று புதுத் தார் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் கோபம்தான் வந்தது. நானும் அக்கா ஸ்டெல்லாவும் பள்ளிக்கு நடந்த குறுக்குப் பாதையை விழுங்கிய சொகுசு வில்லா வீடுகளுக்குப் போட்ட சாலையின் வாசனை அது. அந்தப் பாதையில் காலையில் கேரட் கழுவும் தண்ணீர் சலசலக்கும், ஈரமண் செருப்பில் அப்பும், சர்ச் மணியும் பள்ளி மணியும் கலந்து கேட்கும். பால் வாங்கவோ பஸ் பிடிக்கவோ பூசைக்குப் போகவோ யாருக்கும் வண்டி தேவைப்படவில்லை. இப்போது அங்கே மதிலும் தடுப்புக் கம்பியும். இப்போது அதே பள்ளியில் டீச்சராக இருக்கும் அக்காவுக்கு, சில மாதங்களுக்கு முன் நடக்க ஓரமே இல்லாத மெயின் ரோட்டில் சுற்றிப் போனபோது ஒரு கார் இடித்துக் கால் உடைந்தது.

இன்று கைத்தடியோடு என்னுடன் வந்தவளை வில்லா வாசலில் காவலாளி தடுத்தார்.

“வில்லாக்காரங்க கார் மட்டுந்தானுங்க போகலாம். நடந்து போக உடமாட்டாங்க.”

“எங்க பாதையைப் பிடுங்கிட்டு எங்களையே தடுப்பீங்களா?” என்று நான் கத்தினேன்.

அக்கா கத்தவில்லை. “ஏனுங்க, நான் ஸ்கூலுக்குப் போகோணும்” என்று சொல்லிவிட்டுக் கம்பியைத் தன் கையாலேயே தூக்கி உள்ளே நடந்தாள். நானும், பஸ் பிடிக்க அந்த வழி போகக் காத்து நின்றிருந்த பெண்களும் ஒவ்வொருவராக நுழைந்தோம். எங்கள் பின்னால் ஒரு கார் விடாமல் ஹாரன் அடித்தது. யாரும் ஒதுங்கவில்லை.