தரணேந்திரன் பெயரில் ஆடிய பத்மாவதி

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. மதியம் மூன்று மணிக்கு வழக்கம்போல் கணினியைத் திறந்து, இணையத்தில் நாங்கள் பிரிட்ஜ் ஆடும் மேசையில் என் இடத்தில் உட்கார்ந்தேன். எதிர் இருக்கை காலியாக இருந்தது. பத்மாவதி தாமதமாக வருகிறவர் அல்லர். மூன்றேகால் வரை பார்த்துவிட்டு ஃபோனைக் கையில் எடுத்தேன். அதற்குள் அதுவே அடித்தது. அவருடைய மகள் சுமதி.

"மாமா, அம்மா போயிட்டாங்க. சாப்பிட்டுட்டு, கொஞ்ச நேரம் படுக்கிறேன், மூணு மணிக்கு எழுப்புன்னாங்க. எழுப்பப் போனா..."

நான் ஃபோனை வைத்தபோது, ஆளில்லாத இருக்கையில் கணினியே ஓர் ஆட்டக்காரரை உட்காரவைத்துச் சீட்டும் போட்டிருந்தது. என் முறைக்காக மேசை காத்திருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். கணினியை அணைக்கத் தோன்றவில்லை.

ஃபோனில் எண்ணைச் சுழற்றினால் வெளியூருக்குப் பேச முடியாமல், டிரங்க் கால் பதிவு செய்து காத்திருந்த காலத்துத் திருவண்ணாமலைக்காரர்களுக்குப் பத்மாவதியின் குரல் நினைவிருக்கும். எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தார். ஊரில் யார் வீட்டு எண்ணையும் புத்தகம் பார்க்காமல் சொல்வார். அவர் கணவர் தரணேந்திரன் பொறியாளர், என் நண்பர். இருவருமே இந்தப் பக்கத்துச் சமணக் குடும்பத்தினர். தீர்த்தங்கரருக்குக் காவலாக நிற்கும் யட்சன், யட்சியின் பெயர்கள் தற்செயலாக அமைந்ததைச் சொல்லி, "எங்க கல்யாணத்துல பார்த்த ஒரே பொருத்தம் பேர்ப் பொருத்தம்தான்" என்பார் பத்மாவதி.

பிரிட்ஜ் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நான்கு பேர் ஆடும் சீட்டாட்டம் அது. எதிரெதிரே உட்காரும் இருவர் ஒரு ஜோடி. கையில் இருப்பதை ஜோடியிடம் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. ஏலம் கேட்கும் விதத்திலும் போடும் சீட்டிலும்தான் உணர்த்த வேண்டும். தரணேந்திரனும் நானும் கிளப்பில் முப்பது வருடத்துக்கு மேல் ஜோடி. எதிரணியில் சம்பந்தம் என்ற நண்பர் நிரந்தரம். அவருடைய ஜோடி மட்டும் மாறிக்கொண்டிருக்கும். மனைவிமார் யாரும் கிளப்புக்கு வந்ததில்லை. வரலாம் என்று நாங்கள் சொன்னதும் இல்லை.

கொரோனாவில் கிளப் மூடியது. பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போய்விட்ட சம்பந்தத்தையும் சேர்த்துக்கொண்டு இணையத்தில் ஆட ஆரம்பித்தோம். நான்காவது ஆளாகக் கணினி. அடுத்த வருடம் அதே நோயில் தரணேந்திரன் இறந்தார். முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்க விடவில்லை.

அவர் போய் நாற்பது நாள் இருக்கும். பொழுது போகாமல் தனியாக ஆடிக்கொண்டிருந்தேன். திரையின் ஓரத்தில், உள்ளே வந்திருக்கும் நண்பர்களின் பட்டியலில், தரணேந்திரனின் பெயர் பச்சையாக ஒளிர்ந்தது. அதை எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. பயமாக இருந்தது என்று எழுத இந்த வயதில் எனக்கு வெட்கமில்லை. அந்தப் பெயர் ஏதோ ஒரு மேசையில் உட்கார்ந்திருந்தது. போய் வேடிக்கை பார்த்தேன். சீட்டுகள் மெதுவாக, யோசித்து யோசித்து விழுந்தன. தரணேந்திரனைப் போலவே ராஜாவைப் பிடித்துவைத்திருந்து கடைசியில் போடும் பழக்கம். ஆனால் ஏலம் கேட்பது சிறு குழந்தை கேட்பதுபோல் இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் தட்டினேன்: "யார் நீங்க?"

பதில் வர ஒரு நிமிடமாயிற்று. "பத்மாதாண்ணா. தப்பா நினைக்காதீங்க."

மறுநாள் ஃபோனில் சொன்னார். "அவரு கணக்கை மூடிடலாம்னுதான் உள்ள போனேன். பாஸ்வேர்டு காலண்டர் பின்னாடி எழுதி வெச்சிருந்தாரு. எதையோ அமுக்கிட்டேன். பதிமூணு சீட்டு கைக்கு வந்துடுச்சி. எந்த ஊர் ஜனமோ, மூணு பேரு காத்துட்டு இருக்காங்க. எழுந்து போனா மரியாதையா இருக்குமா? அதான் ஆடிட்டேன்."

"ஆட எங்கம்மா கத்துக்கிட்டீங்க?"

"அவரு வீட்ல ஆடினப்ப பின்னாடி நின்னு பார்த்ததுதான். போட்ட சீட்டு எல்லாம் ஞாபகம் இருக்கும். கேக்கிறதுதான் புரியலை. நான் ரெண்டு ஆர்ட்டின்னு கேட்டா எதிர்ல இருக்கிறவருக்கு என்னண்ணா புரியும்?"

அப்படித்தான் தொடங்கியது. மதியம் மூன்று முதல் ஐந்து வரை. சமண வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பதால் ஐந்துக்கு மேல் ஒரு ஆட்டம்கூட ஆட மாட்டார். பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தில் நெட்வொர்க் திணறும்; அன்று விடுமுறை. ஒரே மாதத்தில் ஏலம் பிடிபட்டது. போன சீட்டுகளை எண்ணிவைப்பதில் எங்களில் யாரும் அவருக்கு இணையில்லை. கை தவறி வேறு சீட்டை அமுக்கிவிட்டால் திரும்பப் பெற இணையத்தில் வழியுண்டு. அதை அவர் தொட்டதே இல்லை. "தப்பான லைன் கொடுத்துட்டா கொடுத்ததுதாண்ணா. அப்புறம் மன்னிப்பு கேக்கலாம், இல்லைன்னு சொல்லக் கூடாது" என்பார்.

உங்கள் பெயரிலேயே கணக்குத் தொடங்கலாமே என்றேன். அவருக்கும் ஆசைதான். அதற்குச் சம்பந்தம் குறுக்கே வந்தார். அவருக்கு நினைவு மங்கத் தொடங்கியிருந்தது. சீட்டாட்டம் மட்டும் மறக்கவில்லை. தரணேந்திரன் இறந்த செய்தியை மகன் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் புதிதாகக் கேட்டதுபோல் அழுவாராம். மேசையில் அந்தப் பெயரைக் கண்டதும், "வாடா தரணா, எங்கடா போயிட்ட இத்தனை நாளா?" என்று எழுதினார். அதைப் படித்துவிட்டுப் பத்மாவதி என்னை ஃபோனில் கூப்பிட்டார்.

"எத்தனை தடவைதான் அந்த மனுஷன் அழுவாரு? நான் அவராவே இருந்துட்டுப் போறேண்ணா."

இரண்டு வருடத்துக்கு மேல் அப்படியே இருந்தார். சம்பந்தம் வாடா போடா என்று எழுதுவார். பத்மாவதி தன் கணவரின் பேச்சிலேயே பதில் எழுதுவார். எனக்கு அது பழகவே இல்லை. சில மதியங்களில், எதிரே இருப்பது யார் என்பது ஒரு கணம் எனக்கே குழம்பும்.

போன வருடம் ஒருநாள், ஆட்டத்தின் நடுவே சம்பந்தம் எழுதினார்: "தரணா, பத்மாவுக்கு வந்த பிரமோஷன் ஆர்டருக்கு நாம பதில் எழுதி அனுப்பினோமே, அது என் மனசை அறுத்துக்கிட்டே இருக்குடா. அவகிட்ட சொல்லிட்டியா?"



அது என்ன பதில் என்பதை நான் இங்கே சொல்லியாக வேண்டும். முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய கதை. பதவி உயர்வுக்கான பரீட்சை எழுதிவிட்டு, சுமதியைப் பெற்றெடுப்பதற்காகப் பத்மாவதி கீழ்பென்னாத்தூர் பக்கம் தாய்வீடு போயிருந்தார். தேர்வாகிவிட்டார், சென்னையில் பொறுப்பேற்க வேண்டும் என்ற உத்தரவு வீட்டுக்கு வந்தது. தரணேந்திரன் அதைக் கிளப்புக்கு எடுத்துவந்தார். "கைக்குழந்தையோட இவ மெட்ராஸ் போனா குடும்பம் என்னாவறது?" என்றார். குடும்பச் சூழ்நிலை காரணமாகப் பதவி உயர்வை ஏற்க இயலவில்லை என்று, பத்மாவதி எழுதுவதுபோல் ஆங்கிலத்தில் வாசகம் சொன்னவர் சம்பந்தம். மனைவியின் கையெழுத்தைத் தானே போட்டவர் தரணேந்திரன். கிளப் அறையில் இருந்த டைப்ரைட்டரில் அதை அடித்தவன் நான். வங்கியில் எனக்கு அதுதான் வேலை; ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அடித்துக் கொடுத்துவிட்டு வந்து மிச்ச ஆட்டத்தை ஆடினோம். தரணேந்திரனும் நானும் ஜெயித்தோம்.

பத்மாவதிக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த ஒருவர் சென்னைக்குப் போனார். பத்மாவதி யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. "பரீட்சை சரியா எழுதலை போல. கேக்கவே வெக்கமா இருந்துச்சி" என்று பிற்காலத்தில் ஒருமுறை என் மனைவியிடம் சொன்னாராம். என் மனைவி அதை என்னிடம் சொன்னபோது நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தொடர்ந்து படித்தேன்.

திரைக்கு வருகிறேன். சம்பந்தத்தின் கேள்வி அங்கேயே நின்றது. கணினி தன் சீட்டைப் போட்டுவிட்டது. பத்மாவதியின் முறை. வெகுநேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு தரணேந்திரனின் பெயரில் எழுத்துகள் வந்தன.

"சொல்லிட்டேன்டா. அழுதா. பரவால்லைன்னு சொல்லிட்டா. நீ நிம்மதியா ஆடு."

உடனே ஒரு சீட்டும் விழுந்தது. சரியான சீட்டு. அந்த ஆட்டத்தில் அவர் தோற்கவில்லை.

ஐந்து மணிக்கு ஃபோன் அடித்தது. எக்ஸ்சேஞ்ச் காலத்துக் குரல்; ஏற்ற இறக்கமே இல்லை.

"அண்ணா, அந்த ஆர்டர் விஷயம் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. வாய் அதைச் சொல்லிவிட்டது.

"சரிங்கண்ணா. நாளைக்கு மூணு மணிக்கு வந்துடுங்க."

சில வாரங்களில் சம்பந்தத்துக்கு ஆட்டமும் மறந்துபோயிற்று. இப்போது யாரையும் அறியாமல் படுத்திருக்கிறார். பிறகு நாங்கள் இருவரும், எதிரணியில் இரண்டு கணினிகளும். கிட்டத்தட்ட ஒரு வருடம். "இனி உங்கள் பெயரில் வரலாமே" என்றேன் ஒருநாள். "இருக்கட்டும்ணா. ஒரு வேலை பாக்கி இருக்குது" என்றார். என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. சொல்லிவிடலாம் என்று பல மதியங்கள் கணினியைத் திறந்தேன். சீட்டு வந்துவிடும், ஆடிவிடுவேன். ஐந்து மணியாகிவிடும்.

காரியம் முடிந்த அன்று, வந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டுப் போனபின், சுமதி என்னை உள்ளே கூப்பிட்டாள். பீரோவிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள். மங்கிப்போன கார்பன் பிரதி. அந்தக் கடிதம்தான். கீழே இடது மூலையில், டைப் அடித்தவரைக் குறிக்கும் முதலெழுத்துகள். வங்கிக் கடிதங்களில் போட்டுப் போட்டுப் பழகிய கை, அன்றைக்கும் அதைப் போட்டுவிட்டிருந்தது. என் முதலெழுத்துகள்.

"போன வருஷம் ஒருநாள் அம்மா அப்பாவோட பழைய ஃபைல் எல்லாம் எடுத்துத் தேடினாங்க, மாமா. இது கெடைச்சிது. இந்த எழுத்தைக் காட்டி, இது மாமாதானேன்னு நான் கேட்டேன். ஃபோன் போடட்டுமான்னேன். வேணாம்னுட்டாங்க."

"என்ன சொன்னாங்கம்மா?"

"'அவரே சொல்லுவாரு. தினம் எதிர்லதானே உக்கார்றாரு'ன்னாங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருக்கலாம். அந்தக் காகிதத்தை நான் கேட்டேன், கொடுத்தாள். பத்மாவதியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுவும், அவர் எனக்காகக் காத்திருந்த அந்த ஒரு வருடத்து மதியங்களும்தான். ஒவ்வொரு நாளும் இரண்டு மணி நேரம் அவர் எதிரே உட்கார்ந்திருந்தார். நான் எந்தச் சீட்டைப் போடுவேன் என்று மட்டுமே அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்திருந்தேன்.

எக்ஸ்சேஞ்சில் அவருடன் வேலை பார்த்தவர்களில் சிலராவது இதைப் படிப்பீர்கள். அன்று அவர் பரீட்சையில் தோற்றுவிட்டார் என்றுதான் நீங்களும் எண்ணியிருப்பீர்கள். அவர் தோற்கவில்லை. பத்மாவதி தேர்வாகியிருந்தார். வரமாட்டேன் என்று அவர் எழுதவில்லை. அதை அடித்தவன் நான்.