கலீல் சேர்ந்தால் மூடிவிடும்

எங்கள் உத்தமபாளையத்தில் கலீல் ரஹ்மானைத் தெரியாது என்று சொல்ல யாராலும் முடியாது. ஆறரை அடி ஆள் பஸ் ஸ்டாண்டில் நின்றால் கண்ணில் படாமல் எங்கே போவது?

அவனுடைய அத்தா காமயகவுண்டன்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம் குத்தகைக்கு எடுத்திருந்தார். கொடிப்பந்தலெல்லாம் சராசரி உயரத்து மனிதர்களுக்காகப் போட்டது. பத்தாவது படிக்கும்போதே கலீல் அதற்குள் கூன் போட்டுத்தான் நடப்பான். மறந்துபோய் நிமிர்ந்தால் தலையோடு நாலு குலை வந்துவிடும். “இவன் தோட்டத்துக்கு ஆக மாட்டான்” என்று அத்தா கைகழுவினார். பள்ளிக்கூடத்து பி.டி. வாத்தியார் அள்ளிக்கொண்டார். அப்படித்தான் பையன் கூடைப்பந்துக்கு வந்து சேர்ந்தான்.

அதற்கப்புறம் அவன் காலில் சக்கரம்தான். முதலில் கோயம்புத்தூரில் ஒரு மில் அணி. சேர்ந்த வருஷமே மில்லுக்குப் பூட்டுப் போட்டார்கள். அடுத்து சென்னையில் ஒரு கம்பெனி. இவன் ஜெர்சி தைத்து வருவதற்குள் விளையாட்டுப் பிரிவே வேண்டாமென்று முடிவு செய்துவிட்டார்கள். மாலத்தீவில் ஒரு கிளப், கடலோரத்தில் மைதானம், பந்தைக் காற்று கொண்டுபோகும். கிளப் முதலாளிக்கும் அவர் தம்பிக்கும் சண்டை வந்து கிளப் ரெண்டாகி, ரெண்டும் இல்லாமல் போனது. துபாயில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் அணி. சாயங்காலம் ஆட்டம், பகலில் கடை வேலை. ஏணி இல்லாமலே மேல்தட்டில் சாமான் அடுக்குவான் என்று மேனேஜருக்கு இவன் மேல் தனிப் பிரியம். கடை கைமாறியது, அணி கலைந்தது. கடைசியாக லூதியானாவில் புதிதாக ஒரு லீக். பாதி ஆட்டங்களோடு நின்றுபோன லீக் அது.

ஊர் வாய் சும்மா இருக்குமா? “கலீல் சேர்ந்தா மூடிரும்” என்று கிளப்பிவிட்டார்கள். ஒரு ஏ.டி.எம். இயந்திரம் மக்கர் பண்ணினால்கூட, “கலீல் பாய் இந்தப் பக்கம் வந்தாகளா?” என்று கேட்டுச் சிரித்தார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். நான் சிரித்ததில்லை. அந்த மில்லும் கடையும் இவன் பந்து போட்டா மூடின? எனக்கு எரிச்சலாக வரும்.

போன வருஷம் முப்பத்தைந்து வயதில், முழங்காலில் பட்டையோடு ஊருக்கே திரும்பி வந்தான். அவனுக்கு ஒரே ஒரு ஆசை பாக்கி இருந்தது. இத்தனை ஊருக்கு ஆடியவன் சொந்த ஊருக்கு ஆடியதே இல்லை. மே மாதம் எங்கள் முல்லை கிளப் நடத்தும் போட்டியில் உத்தமபாளையம் ஜெர்சியைப் போட்டு ஒரு தடவையாவது இறங்கிவிட வேண்டும். முழங்கால் இன்னும் எத்தனை வருஷத்துக்குத் தாங்கும் என்று அவனுக்கே தெரியாது.

கிளப் செயலாளர் ஷேக் மைதீன் அவனுக்குத் தூரத்து மாமு. உரக்கடை வைத்திருக்கிறார். நல்ல மனுஷர்தான், ஆனால் ராசி, நேரம் என்றால் வெலவெலத்துப் போவார். போட்டிக்கு முன்னால் ஒருநாள் அல்வாப் பொட்டலத்தோடு கலீல் வீட்டுக்குப் போனார். ஸ்கோர் எழுதுகிறவன் என்ற முறையில் என்னையும் இழுத்துக்கொண்டார். ஜெர்சி அளவு கேட்கத்தான் போகிறோம் என்று நான் நினைத்தேன். கலீலும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். முகமெல்லாம் பல்லாக வாசலுக்கு வந்தான்.

“ஒண்ணுமில்ல மாப்ள, கோட்டயத்துலேருந்து ஒரு டீம் வந்துருக்கு. அவுகள்ல உசரமான ஆளுக்குக் காய்ச்சல். வெளியூர் டீமு கெஸ்டா ஒரு ஆளச் சேத்துக்கிரலாம்ல. நீதான் மலையாளமும் பேசுவ. அங்கன போயி ஆடேன்” என்றார் மைதீன்.

கலீலின் மனைவி நசீம் அல்வாப் பொட்டலத்தை எடுத்து அவர் பக்கமே நகர்த்தி வைத்தாள்.

“நேராச் சொல்லுங்க மாமு. மச்சான் அங்கன போனா அவுக தோத்துருவாக. அதுக்குத்தான வந்தீக?”

மைதீன் வெற்றிலை போடாமலே மென்றார். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. கலீலின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அத்தனை உயரத்து மனிதன் நாற்காலியில் பாதியாகிப் போயிருந்தான். “சரி மாமு, ஆடுறேன். ஆனா ஒழுங்கா ஆடுவேன்” என்றான்.

ஆடினான். முதல் ஆட்டத்தில் கோட்டயம் ஜெயித்தபோது மைதீன், “ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும், பொறு” என்றார். அடுத்ததிலும் ஜெயித்தார்கள். அரையிறுதியிலும் ஜெயித்தபோது அவர் டீ குடிப்பதையே விட்டுவிட்டார். இறுதி ஆட்டம் கோட்டயத்துக்கும் எங்களுக்கும்.

அன்று ஊரே கேலரியில். கலீல் கையில் பந்து போகும்போதெல்லாம், “மூடு! மூடு!” என்று ஒரே கூச்சல். சின்ன வயதிலிருந்து அவனைப் பார்த்தவர்கள்தான் கத்தினார்கள். நசீம் மட்டும் பெண்கள் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசி நிமிஷத்தில் நாங்கள் ஒரு புள்ளி முன்னால். எங்கள் கேப்டன் அருண்பாண்டி அவசரப்பட்டு எறிந்தான். பந்து வளையத்தில் பட்டுத் திரும்பியது. கலீல் எம்பிப் பிடித்தான், முன்னால் ஓடிய பையனுக்குக் கொடுத்தான், பட்டை கட்டிய காலோடு நொண்டிக்கொண்டே பின்னால் ஓடி, திரும்பி வந்த பந்தை வாங்கி கூடைக்குள் போட்டான். மணி அடித்தது. என் ஊர் தோற்ற கணக்கை நானே பலகையில் ஏற்றினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கோட்டயத்துப் பையன்கள் அவனைத் தூக்கப் பார்த்து, முடியாமல் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் கோச் வரும் சீசனுக்கு அங்கேயே கூப்பிட்டார். கலீல் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். ஜெயித்தவன் அழுவதைப் பார்த்து கேலரியில் சத்தம் அடங்கிவிட்டது.

மைதீன் மைதானத்தைக் குறுக்கே கடந்து வந்தார். நசீமும் இறங்கி வந்து பக்கத்தில் நின்றுகொண்டாள்.

“ஏலே, ஒரு டீமயும் நீ மூடலன்னு இன்னைக்குத் தெரிஞ்சு போச்சு. எங்களத்தான் மூடிட்ட. இனி எங்ககிட்ட மூடுறதுக்கு ஒண்ணுமில்ல. வந்து சேருறா” என்றார்.

கலீல் துண்டை எடுக்காமலே கேட்டான். “பிராக்டிஸ் எப்ப மாமு?”

“நாளைக்குக் காலைல.”

மறுநாள் காலையில் நான் பால் வாங்கத் தெருவில் போய்க்கொண்டிருந்தேன். கலீல் ஷூவைக் கட்டிக்கொண்டு வாசலில் இறங்கினான். எப்போதும் அவன் கிளம்பினால் பையும் பெட்டியுமாக பஸ் ஸ்டாண்டு வரை கூடவே போய்ப் பழகிய நசீம், வெறுங்கையோடு நிற்கிறவனைப் பார்த்து, தெரிந்துகொண்டே, “எங்க கெளம்பிட்டீக?” என்றாள்.

“டீமுக்கு” என்று சொல்லிவிட்டு அவன் நடந்தே போனான்.