அம்பாரத்தில் போர்த்திய கறுப்புத் துணி

பத்தாம் வகுப்பில் கணக்கு என்னைக் கைவிட்டதா, நான் கணக்கைக் கைவிட்டேனா என்பது இன்னும் தீராத வழக்கு. அதற்குப் பிறகு அக்கா வீட்டுக்காரரோடு மரக்காணம் உப்பளத்தில் சேர்ந்துகொண்டேன். மாமா குத்தகைக்கு எடுத்த பாத்திகள். அவர் உப்பு வாருவார், நான் சுமப்பேன். சுமக்கும்போது வாய் சும்மாதானே இருக்கிறது, அதனால் அவரைக் கிண்டல் செய்வேன். குறிப்பாக அவர் தொப்பையை.

பாத்திக்கு மேற்கே, ஈசிஆர் ஓரத்து மேட்டில் ஒரு ரிசார்ட் கட்ட ஆரம்பித்தார்கள். செம்மண்ணை லாரி லாரியாகக் கொட்டினார்கள். நீச்சல் குளத்துக்குப் பள்ளம் தோண்டியதும் ஊற்று பொங்கியது. மோட்டார் வைத்து இறைத்து, அந்தச் சேற்றுத் தண்ணீரை நாங்கள் உப்புத்தண்ணீர் எடுக்கும் வாய்க்காலிலேயே திருப்பி விட்டார்கள். அது பாத்திக்குள் வந்தால் உப்பு பழுப்பாகிவிடும். வியாபாரி ஒரு பிடி அள்ளிப் பார்ப்பார், கீழே போட்டுவிட்டு வண்டியை எடுத்துவிடுவார்.

மாமா நேரே போய் ரிசார்ட் கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

"லாரி உள்ள போவணுமா? என் மேல ஏத்திட்டுப் போங்க!"

"வேணாம் மாமா, உன் தொப்பை மேல ஏறுனா லாரிதான் கவுந்துடும்" என்றேன்.

லாரி டிரைவரே சிரித்துவிட்டார். அங்கே வேலை பார்த்த இன்ஜினியர் மேடமும் சிரித்தது. சின்ன வயசுதான். ஆனால் சேறு இனி உங்கள் பக்கம் வராது என்றது, சொன்னபடி செய்தது. இறைக்கும் தண்ணீர் தேங்கித் தெளிவதற்கு ஒரு குழி வெட்ட வைத்தது. மழையில் செம்மண் எங்கள் பக்கம் இறங்காமல் இருக்க, சரிவு நெடுக முளை அடித்து, கறுப்புத் துணியை வேலி மாதிரி கட்ட வைத்தது. மாமா அந்தத் துணியைத் தொட்டுக்கொண்டே முழு நீளமும் நடந்து பார்த்தார், கல்யாண மண்டபம் பார்க்க வந்த பெண் வீட்டுக்காரர் மாதிரி.

அந்த வருஷத்து உப்பு வரப்பில் அம்பாரமாகக் குவிந்து கிடந்தது. அது விற்றால்தான் அடுத்த வருஷமும் பாத்தி எங்கள் கையில் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மேற்கே வானம் கறுத்தது. அம்பாரத்தை மூடும் தார்ப்பாயைக் காற்று ஏற்கெனவே கிழித்துப் போட்டிருந்தது. மாமா நாலு பக்கமும் பார்த்தார். கடைசியில் அவர் கண் அந்தக் கறுப்புத் துணியில் நின்றது.

"டேய் மச்சான், ஓடு. அத அவுத்துட்டு வா."

"மாமா, அதுக்குத்தான கேட்டுல உக்காந்த?"

"மழ நின்னதும் கட்டிடலாம்டா. ஓடுறியா இல்லியா?"

லீவு நாள், சைட்டில் ஆளில்லை. எங்கள் பாத்திக்கு நேரே இருந்த துணியை உருவி வந்து, ஒன்றின் மேல் ஒன்றாக அம்பாரத்தில் போர்த்தினோம்.

"கட்சித் தலைவருக்குப் பொன்னாட போத்துன மாதிரியே இருக்குது மாமா."

"வாய மூடிட்டுக் கல்லத் தூக்கி வைடா."

அவரும் சிரித்தார். அப்போதே மழை பிடித்துக்கொண்டது. விடியும்வரை விடவில்லை.

காலையில் போனோம். துணி வைத்த இடத்திலேயே இருந்தது, கல்லும் இருந்தது. ஆள் உயர அம்பாரம் மட்டும் முழங்கால் உயரத்துக்கு அமுங்கிக் கிடந்தது. துணியை அவிழ்த்த இடத்தின் வழியே செம்மண் இறங்கி, நாங்கள் காலால் மிதித்து மிதித்து இறுக்கிய பாத்தித் தரை முழுக்கப் பரவியிருந்தது. மிச்சமிருந்த உப்பின் அடியும் சிவந்துபோயிருந்தது.

துணியைத் தேடி மேடம் வந்தது. திட்டும் என்று நினைத்தேன், திட்டவில்லை.

"அண்ணே, இது தண்ணிய விடுற துணிண்ணே. மண்ண மட்டுந்தான் நிறுத்தும்."

மாமா அம்பாரத்தின் பக்கத்தில் குந்தினார். பள்ளத்தில் தேங்கிய தண்ணீரைக் கையில் அள்ளித் துணி மேல் ஊற்றினார். அப்படியே இறங்கிப் போனது. மறுபடியும் அள்ளி ஊற்றினார்.

"சண்ட போட்டுக் கேட்டு வாங்குனேன்மா" என்றார். "என்ன துணின்னு மட்டும் கேக்கல."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் என்னைப் பார்த்துச் சொன்னார். "பொன்னாடைன்னியேடா. கோடித்துணிடா அது."

அடுத்த வருஷம் பாத்தி வேறு ஆளுக்குப் போய்விட்டது. மேடமிடம் கேட்டு மாமா ரிசார்ட் வேலைக்கே சேர்ந்தார். துணி வேலியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. எங்கே அவிழ்ந்திருந்தாலும் கட்ட வேண்டும், மழை பெய்தால் அதன் பின்னால் சேரும் மண்ணை வாரிப்போட வேண்டும். நாங்கள் உருவிய துணியையே கழுவித் திரும்பக் கட்டியிருந்தார். அந்த இடத்தில் மட்டும் காயக் காய வெள்ளையாக உப்பு பூத்தது.

அக்கா கொடுத்த சோற்றை எடுத்துக்கொண்டு ஒருநாள் போனேன். உப்பளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டார். கீழே புது ஆள் வாரிக் குவித்த உப்பு வெயிலில் கண்ணைக் கூச வைத்தது.

"ஏன்டா, இப்பல்லாம் ஒண்ணும் பேச மாட்டேங்குற? எதுனா சொல்லு" என்றார்.

தேடித் தேடிப் பார்த்தேன். பழையதுதான் கிடைத்தது.

"தொப்பையக் காணோமே மாமா, எங்க போட்ட?"

மாமா குனிந்து வயிற்றைப் பார்த்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, துணிக்குப் பின்னால் சேர்ந்திருந்த மண்ணை வாரப் போனார்.